தேயாத டயரும் வெடிக்கும்

சிங்கப்பூரில் 35 வயதைத் தாண்டிய காரை ‘கிளாசிக்’ வாகனமாகப் பதிந்து வைத்திருப்பவர், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி ஆண்டுக்கு 45 நாள்தான் அதைச் சாலையில் எடுக்கலாம். மீதி 320 நாளும் கார் நின்றபடியே இருக்கும். நிற்கும் காரின் டயர் தேயாது, ஆனால் அதற்கும் வயதாகும். வெயிலும் ஓஸோனும் ரப்பரை இறுகவைக்க, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். சட்டம் கேட்பது டயரின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே. அந்த அளவுகோலில் பதினைந்து வயது டயரும் தேறிவிடும் என்பதுதான் ஆபத்து.

2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். முதல் காரணம் அதிவேகம். கூடவே அவர் சென்ற போர்ஷே காரின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும் புலனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

வயதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். பக்கச்சுவரில் ‘டிஓடி’ (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இலக்கம் காணவில்லையா? டயரின் உட்பக்கத்தில் இருக்கலாம், குனிந்து பாருங்கள். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தைய டயர். அதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்பேர் டயருக்கும் இதே கணக்குதான். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதனை, பத்தாம் ஆண்டில் கட்டாய மாற்றம் என்கிறது மிஷெலின்.

டயரில் படியும் பழுப்பு நிறத்தை அழுக்கென்று நினைத்துப் பலர் பெட்ரோல் ஊற்றித் தேய்க்கிறார்கள். ஓஸோனிலிருந்து காக்க ரப்பரில் கலந்த வேதிப்பொருள் வெளியே கசிவதால் வரும் நிறம் அது. பெட்ரோலும், பெட்ரோலிய எண்ணெய் கலந்த பளபளப்புப் பூச்சும் அந்தக் காப்பையே கரைத்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், பிறகு நிழலில் உலர்த்தல் போதும். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகாதிருக்க, சில வாரத்துக்கு ஒருமுறை காரைச் சற்று நகர்த்துங்கள், காற்றழுத்தத்தையும் பாருங்கள்.

தேக்காவை ஒட்டிய ஜாலான் புசாரிலோ வேறெங்கோ டயர் வாங்கும்போது, தயாரிப்பு வாரத்தை ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள். ‘புதுசு’ என்று விற்றது பழைய சரக்காக இருந்தால் அந்த ரசீதுதான் சாட்சி. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப்பொருளோ கேளுங்கள், பிறகு விலைக்குறைப்போ பணமோ. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கம் உதவும். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள், 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே. தனிநபரிடம் வாங்கும் காருக்கு லெமன் சட்டம் பொருந்தாது. ஆகவே பணம் கொடுக்குமுன் ஐந்து டயரின் தேதியையும் படித்துவிடுங்கள்.

கழற்றிய டயரை வெளியே போட்டுவைக்காதீர்கள். அதில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அபராதமும் வரும். டயர் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.