‘மலையாளி’ என்றால் கேரளாவா, கல்வராயனா? ஏ.ஐ-யிடம் சரியாக வேலை வாங்க 5 வழிகள்!

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட்... பெயர் எதுவாக இருந்தாலும், இன்று ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கையிலும் சம்பளம் கேட்காத ஓர் உதவியாளர் இருக்கிறார். 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியானபோது விளையாட்டாகக் கேள்வி கேட்டவர்கள், இப்போது மனு எழுதவும், பாடம் தயாரிக்கவும், கஸ்டமருக்குப் பதில் அனுப்பவும் அதைத் தேடுகிறார்கள். ஆனால், ‘என்னென்னமோ சொல்லுது, நமக்கு உதவுற மாதிரி எதுவும் வரலையே’ என்ற புலம்பலும் கூடவே கேட்கிறது.

கோளாறு பாதி அதனிடம், பாதி நாம் கேட்கும் விதத்தில். கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

1. ஊரையும் விவரத்தையும் முதலில் சொல்லுங்கள்

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்குப் பெயர் ‘மலையாளி’. இவர்கள் பேசுவது தமிழ். ஆனால் இணையத்தில் ‘மலையாளி’ என்று எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி கேரள மக்களைப் பற்றியது. ஏ.ஐ கற்றுக்கொண்டது அந்த எழுத்துகளிலிருந்துதான். எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வரும் என்று கணித்துத்தான் அது பதில் எழுதுகிறது. மொட்டையாகக் கேட்டால், அதிகம் படித்த பக்கமே சாயும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் விழுப்புரம். 1993-க்கு முன் தென் ஆற்காடு. மலையாளி மக்களைப் பழங்குடியினராக அங்கீகரிக்கும் பட்டியலோ தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டப் பெயர்களையே சொல்கிறது. ‘கள்ளக்குறிச்சி மலையாளிக்கு எஸ்.டி சான்றிதழ் கிடைக்குமா?’ என்று கேட்டால், ‘பட்டியலில் உங்கள் மாவட்டம் இல்லை’ என்று ஏ.ஐ கைவிரிக்கக்கூடும். அதை நம்பி ஒரு மாணவி விண்ணப்பிக்காமல் விட்டால், பறிபோவது அவளுடைய கல்லூரி இடமும் உதவித்தொகையும்!

அதனால் இப்படிக் கேளுங்கள்: “நான் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன்மலை வட்டத்தைச் சேர்ந்தவள். தமிழ்நாட்டின் மலையாளி பழங்குடி. எங்கள் பகுதி முன்பு தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டு அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடு. உனக்குத் தெரியாத விவரத்துக்குக் கோடு போட்டு இடம் விடு.”

அந்தக் கடைசி வரி முக்கியம். இல்லாவிட்டால், தெரியாத இடத்தையும் எதையாவது போட்டு நிரப்பிவிடும்.

2. சரக்கு நம்முடையது, எழுத்து மட்டும் அதனுடையது

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆன்லைனில் விற்க நினைக்கும் ஒரு சிற்பி, ‘விநாயகர் சிலைக்கு விளம்பரம் எழுது’ என்று மட்டும் கேட்டால் என்ன வரும்? ‘சந்தன மரத்தில் செதுக்கிய, பல நூற்றாண்டுப் பாரம்பரியம்’ என்று அலங்காரமாக வந்து விழலாம். சிலையோ வாகை மரத்தில் செய்ததாக இருக்கும். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவும் பெயர்க்கேடும் சிற்பிக்குத்தான்.

மரம், உயரம், எடை, ஒரே கட்டையா ஒட்டுவேலையா, எத்தனை நாள் வேலை, விலை ஆகியவற்றை வரிசையாகக் கொடுங்கள். ‘நான் கொடுத்த தகவலைத் தாண்டி எதையும் சேர்க்காதே. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், தலா 60 வார்த்தை’ என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத கைவினைஞருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேச இது பெரிய வாசல்.

3. ஒரே தடவையில் விடாதீர்கள்

முதல் பதில் வெறும் வரைவுதான். மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோ ரயில், ஷாப்பிங் மால் என்று கணக்குகள் வந்தால், ‘எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கடுக்காய், மரவள்ளி, தேன், வாரச்சந்தை. அதை வைத்து மாற்று’ என்று சொல்ல வேண்டும். அடுத்து, ‘வாக்கியத்தைச் சின்னதாக்கு’. அதற்கடுத்து, ‘விடைகளைத் தனியாகக் கொடு’. உங்களுக்குப் பிடித்த பழைய வினாத்தாள் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் வேலை இன்னும் சுலபம். விடைகளை மட்டும் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

டைப் செய்யச் சிரமமாக இருந்தால், மைக்கை அழுத்தித் தமிழிலேயே பேசுங்கள்.

4. சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில் சாட்ஜிபிடி கொடுத்த முன்னுதாரணத் தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது, எல்லாம் ஏ.ஐ-யின் கற்பனை! 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்த மனுவில் இருந்தது ஏ.ஐ-யின் கையெழுத்து இல்லை, அவர்களுடையது.

நம் ஊர்க் கதையும் இதுதான். அரசாணை எண், கடைசித் தேதி, கட்டணம், மருந்தின் அளவு ஆகிய நான்கையும் ஏ.ஐ சொன்னதற்காக மட்டும் நம்ப வேண்டாம். மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தால், ‘வேளாண் அலுவலரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?’ என்று ஏ.ஐ-யிடம் பட்டியல் வாங்கலாம். எவ்வளவு மருந்து என்பதை வேளாண் அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணிலோ கேளுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் படியுங்கள். டோஸ் தவறினால் போவது ஒரு போகம்.

மனு என்றால் மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். பழைய பக்கங்களைப் பார்த்து, விழுப்புரம் ஆட்சியருக்கு என்று எழுதிவைத்திருக்கலாம். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருப்பதால் அந்தக் குழப்பமும் வரலாம்.

5. ரகசியத்தைக் கொட்டாதீர்கள்

ஆதார் எண், வங்கிக் கணக்கு, மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும், நோயாளியின் ரிப்போர்ட்... இவற்றை அப்படியே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். நாம் பதிவிடுவதைச் சில நிறுவனங்கள் தங்கள் ஏ.ஐ-க்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்துகின்றன. பெயர் இருக்கும் இடத்தில் ‘மாணவர் 1’ என்று போட்டால் போதும். உண்மைப் பெயரைப் பிறகு நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ஏ.ஐ எழுதிக் கொடுத்ததை அனுப்பும் முன், வீட்டில் யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் தெரிந்தவர் காதுக்கு, ஏ.ஐ-க்குத் தெரியாத தவறு சட்டென்று பிடிபடும்.