ஏடு தொடக்கிய பின்

விசயதசமியன்று பிள்ளையின் விரல் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்ததும் தம் கடமை முடிந்ததெனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். வேறு சிலரோ, மறுநாளே 247 எழுத்துக்களையும் ஒப்பிக்கும்படி பிள்ளையை வருத்துகின்றனர். பல்லாண்டு கற்பித்தவன் என்னும் உரிமையால் ஒன்று கூறுவேன்: ஒப்பித்தல் வேறு, வாசித்தல் வேறு.

எழுத்து 247 ஆயினும், தனித்தனியே கற்கவேண்டிய வடிவங்கள் அத்துணை இல்லை. அரவு ஒன்றை அறிந்த பிள்ளை 18 மெய்களின் ஆகார வரிசையையும் வாசித்துவிடும். உகர ஊகார வரிசைகளே எழுத்துக்கெழுத்து வடிவு மாறுவன. அவற்றைப் பிற்படக் கற்பிக்கலாம்.

டகரமும் பகரமும் நேர்கோடுகளால் அமைந்தவை. மணலில் விரலால் எழுத எளியன. அவற்றோடு மகரத்தையும் மெய்க்குரிய புள்ளியையும் அறிவித்தால் படம், மடம், பட்டம் எனச் சொற்கள் பிறக்கும். தான் எழுதிய சொல்லைத் தானே வாசித்த பிள்ளையின் முகமலர்ச்சியைக் கண்டவர் பின்னர்ப் பிரம்பை நாடார்.

இரவில் கால்மணி நேரமேனும் பிள்ளையை மடியிலிருத்திக் கதையொன்றை வாசித்துக் காட்டுங்கள். அச்சுறுத்திப் புகட்டிய எழுத்து நாவில் நிற்கலாம். நூலின்மேல் விருப்பைத் தாராது. வீட்டில் அரும்பாத அவ்விருப்பைப் பள்ளியில் தோற்றுவித்தல் ஆசிரியராகிய எமக்குப் பெரிதும் அரிது.