இதய நோய் மருத்துவர்களின் வகைகள்

இதய நோய்க்குச் சிகிச்சை அளிப்போர் அனைவரும் ஒரே வகை மருத்துவர்கள் அல்லர். மருந்து தருபவர், இரத்தக் குழாய் அடைப்பை நீக்குபவர், துடிப்புக் கோளாற்றைச் சரிசெய்பவர், அறுவை சிகிச்சை செய்பவர் என ஒவ்வொருவரின் பயிற்சியும் பணியும் வேறானவை. பனியன் கம்பெனிகளும் சாய ஆலைகளும் நிறைந்த திருப்பூரில், வேலை நடுவே வரும் நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என எண்ணி ஷிப்டு முடியும்வரை பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. வலி வந்தால் முதலில் யாரிடம் செல்வது என அறிந்திருப்பது அங்கே உயிர் காக்கும்.

பொது மருத்துவர்

பெரும்பாலான நோயாளிகள் முதலில் சந்திப்பது இவரையே. ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ. மருந்தகம், தெருமுனைக் கிளினிக் ஆகியவற்றில் இவர் இருப்பார். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்து மாரடைப்பு வராமல் தடுப்பது இவரது அன்றாடப் பணி. மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப, தமிழக அரசு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது.

இதயவியல் மருத்துவர்

எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பின் 3 ஆண்டு எம்.டி., அதன்பின் 3 ஆண்டு டி.எம். இதயவியல் படித்தவர். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனைகளால் நோயைக் கண்டறிந்து மருந்து தருவார். இத்துறையின் உட்பிரிவுகளில் முக்கியமானவை:

இடையீட்டு இதயவியல்: கை மணிக்கட்டு அல்லது தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஆஞ்சியோகிராம் எடுத்து, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது. இதயத் தமனியில் இந்தப் பலூன் சிகிச்சையை 1977இல் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்.

துடிப்பு மின்னியல்: இதயத்தின் மின்னோட்டக் கோளாறுகளை ஆராய்ந்து, தேவையானால் பேஸ்மேக்கர் பொருத்துவது.

குழந்தைகள் இதயவியல்: பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, வால்வுக் குறைபாடு உள்ள குழந்தைகளைக் கவனிப்பது.

இதய அறுவை மருத்துவர்

எம்.எஸ். படித்தபின் எம்.சி.எச். பட்டம் பெற்றவர். பைபாஸ், வால்வு மாற்றம் போன்றவற்றைச் செய்வார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம்.செரியன் செய்தார். மயக்க மருத்துவரும், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பரும் இல்லாமல் இத்தகைய பெரிய அறுவைகள் நடப்பதில்லை.

யாரிடம் முதலில் செல்வது?

மாரடைப்பில் இதயத் தமனி அடைபட்டு, ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிகிறது. ஸ்டென்ட் வைக்கும் வசதி தொலைவில் இருந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே செலுத்திவிட்டு, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாம். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றுடன் இந்த முறையில் இணைத்துத் தமிழகத்தின் 4 தொகுதிகளில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. இணைப்புக்குப் பின் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

எனவே திருப்பூரில் நெஞ்சுவலி வந்தவர், சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள கோவையில் பெயர்பெற்ற நிபுணரைத் தேடி நேரம் கழிப்பதைவிட, 108ஐ அழைத்து இ.சி.ஜி. வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே சரி. எந்த நிபுணர் தேவை என்பதை அந்த இ.சி.ஜி.யைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். இ.எஸ்.ஐ. அட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருப்பவர்கள் அவற்றைக் கைவசம் வைத்திருந்தால், அடுத்த கட்டச் சிகிச்சைக்குச் செலவைப் பற்றித் தயங்க வேண்டியிராது.