தன்னையே வாசித்த கட்டளை

ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஓர் எண்ணின் வர்க்கமூலம் தேவைப்படுகிறது. அதற்கென்று எழுதி வைத்திருக்கும் துணைநிரலுக்குத் தாவுகிறது. சரி, வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது? அதே துணைநிரலை நிரலின் பத்து இடங்களிலிருந்து கூப்பிட்டிருக்கலாமே! வந்த இடத்தை எங்காவது குறித்து வைத்தாக வேண்டும். இன்றைய சில்லுகளில் அதற்கென்றே வசதி உண்டு. 1949 மே 6 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தன் முதல் நிரலை ஓட்டிய எட்சாக் கணினியில் அது கிடையாது.

பாதரசக் குழாய்களில் ஒலித் துடிப்புகளைச் சுழலவிட்டு எண்களை நினைவில் வைத்த எந்திரம் எட்சாக். நொடிக்குச் சுமார் 650 கட்டளைகள்தான் அதன் வேகம். துளைநாடாவில் வரும் நிரலைப் படித்து, பதின்ம எண்களை இரும எண்களாக்கி, நினைவகத்தில் அடுக்கும் தொடக்கக் கட்டளைகளை அதற்கு எழுதியவர் டேவிட் வீலர். அப்போது அவர் 22 வயது ஆராய்ச்சி மாணவர். மொத்தமே 31 கட்டளைகள்!

திரும்பும் சிக்கலையும் அவர்தான் தீர்த்தார். எந்திரத்துக்குக் கட்டளையும் ஓர் எண்தான். அதைப் பிடித்துக்கொண்டார். 100ஆம் இடத்தில், '100ஆம் இடத்தில் இருப்பதைக் கூட்டு' என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். அங்கே இருப்பது எது? அதே கட்டளை! அது எண்ணாக மாறி, 100 என்ற முகவரியையும் சுமந்துகொண்டு கூட்டல் பகுதிக்குள் வந்துவிடுகிறது. 101ஆம் இடத்துக் கட்டளை துணைநிரலுக்குத் தாவுகிறது. துணைநிரல் முதல் வேலையாக, வந்த எண்ணோடு இன்னொரு எண்ணைக் கூட்டுகிறது. கிடைக்கும் விடையைக் கட்டளையாகப் படித்தால், '102க்குப் போ' என்று இருக்கும்! அதைத் தன் கடைசி வரியில் பதித்துவிட்டுத் தன் கணக்கைத் தொடங்குகிறது. எந்திரத்தில் ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை. கூட்டலை மட்டும் கொண்டு திரும்பும் வழியைக் கட்டிவிட்டார். நிரலாக்க வரலாற்றில் இதைவிட அழகான உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தகைய உத்திகளை எட்சாக் குழு தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழுவின் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் நிரலாக்கத்துக்கென ஒரு பாடநூலே எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் கோடை வகுப்புகள் நடந்தன. பின்னாளில் கணினியியலில் புகழ்பெற்ற டைக்ஸ்ட்ரா 1951இல் நெதர்லாந்திலிருந்து வந்து அங்கே பயின்றார். வீலர் கேம்பிரிட்ஜிலேயே பேராசிரியரானார். சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் அவரிடம் முனைவர் ஆய்வு செய்தவர்.

நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களே, துணைநிரல் பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் 100, 101, 102 என்று கட்டம் போட்டு இந்தத் தாவலை மாணவர்களைக் கையாலேயே நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கணினிகூட வேண்டாம், ஒரு சாக்கட்டி போதும்.