பட்டுக்கும் கை உண்டு, புளிக்கும் கை உண்டு!

தென்னேரி, காஞ்சிப் பக்கத்துத் தறிகளில் ஓடும் பட்டு இழையை எடுங்கள். அதிலுள்ள அமினோ அமிலங்களில் 100-க்குச் சுமார் 30 அலனின்! அலனினில் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். பட்டுப்புழு நூற்பதோ இடக்கை மட்டுமே! பாவிலும் அதுதான், ஊடையிலும் அதுதான்!

1956-ல் ஜப்பானின் அகாபோரி குழு பட்டு இழையில் பல்லேடியம் உலோகத்தைப் படியவைத்து வினையூக்கியாக்கியது. விளைந்த பொருளில் ஒரு கை மிஞ்சி நின்றது! பட்டு தன் கையை அடுத்த மூலக்கூறுக்கும் கொடுத்துவிட்டது!

எந்தக் கை என்று கருவியால் பார்த்துவிட முடியுமா? பூமியின் காந்தப்புலத்தைப்போல் 2 லட்சம் மடங்குக்கும் மேல்! மூலக்கூறுகளை ஆராயும் காந்த ஒத்ததிர்வுக் கருவியின் 9.4 டெஸ்லா காந்தம் அது. அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரி! இத்தனை பலம் இருந்தும், சாதாரணக் கரைப்பானில் கரைத்த இடக்கைக்கும் வலக்கைக்கும் அது தரும் படம் அச்சு அசல் ஒன்றே!

எப்படிப் பிடிக்கிறார்கள்? ஒரே கை கொண்ட வேறொரு பொருளைக் கூடச் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான், படத்தில் ஒன்றாகத் தெரிந்த முகடு இரண்டாகப் பிளக்கும்! இரண்டின் பரப்பையும் அளந்தால் எந்தக் கை எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம். 1966-லேயே அமெரிக்காவின் வில்லியம் பிர்க்கிள் செய்துகாட்டிய வித்தை இது! கரைசலை ஊற்றிவைக்கும் குழாயின் விட்டம் வெறும் 5 மில்லிமீட்டர்!

நம் பெங்களூரும் இதில் கெட்டி! இந்திய அறிவியல் கழகத்தின் என். சூர்யபிரகாஷ் குழு, மூன்று பொருள்களைக் கலந்தே ஹைட்ராக்சி அமிலங்களின் கையைக் கண்டுபிடிக்கும் முறையை 2012-ல் வெளியிட்டது!

பெருமாள் கோயில் புளியோதரையின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலமும் ஹைட்ராக்சி அமிலம்தான். ஒளியை வலப்பக்கம் திருப்பும் வகை!

இதே அமிலத்தின் இரு கைகளும் கலந்த உப்பில்தான் 1848-ல் லூயி பாஸ்டர் இருவகைப் படிகங்களைக் கண்டார். ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். வயது 25! சுமார் 28 டிகிரிக்கு மேல் அந்தப் படிகங்கள் தனித்தனியாக விளையவே விளையாது. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை!

மறுபடி பட்டுக்கு வருவோம். நெய்த பட்டுக்கு வயதாக ஆக, அதிலுள்ள இன்னொரு அமினோ அமிலமான இடக்கை அஸ்பார்டிக் அமிலம் மெல்ல மெல்ல வலக்கையாகத் திரும்பும். அந்தக் கணக்கை வைத்தே பழம்பட்டின் வயதைச் சொல்லும் முறையை 2011-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கருவி வேறு, நிறை நிறமாலைமானி. தேவைப்பட்ட பட்டு? ஒரு கிராமில் சுமார் 10,000-ல் ஒரு பங்கு!