ஆடுவோரே எழுதும் இதழ்கள்

உங்களுக்குத் தாயம் ஆடத் தெரியுமா? தெரியுமென்றால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கம்பத்தில் ஒருவரிடமும், போடியில் ஒருவரிடமும், வருசநாட்டுப் பக்கம் ஒருவரிடமும் ஆட்ட விதிகளைக் கேளுங்கள். காயை இறக்கத் தாயம் விழவேண்டும் என்பார்கள். அதற்குமேல் கேட்டால் பேச்சு மாறும். காயை வெட்டினால் மறுபடியும் உருட்டலாமா? ஒரு காயையும் வெட்டாதவர் பழம் எடுக்கலாமா? ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெருகூட விடை வேறாகலாம். இவையெல்லாம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வாய்வழியாக வந்த விதிகள்.

வாய்வழியாக வருவதில் ஓர் ஆபத்தும் உண்டு. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, மதுரையைக் கடந்து கீழடியின் பக்கமாகப் பாய்கிறது. கீழடி அகழாய்வுகளில் சுடுமண் பகடையும் தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றைக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்ற விதி கிடைக்கவில்லை. மண் பகடையைக் காத்துக் கொடுத்தது. விதியைக் காக்க அதனால் இயலவில்லை.

அப்படியானால் விதிகளைக் காப்பது எப்படி? ஆடுகிறவர்களே இதழ் நடத்தி வளர்த்த ஓர் ஆட்டத்தின் கதையைப் பார்ப்போம்.

மேசையைச் சுற்றி ஒரு கதை

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தாம். இதில் ஒருவர் நடுவராக இருந்து கதையின் களத்தைச் சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் குகைக்குள் போகிறேன்", "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள். அது முடிந்ததா இல்லையா என்பதைப் பல சமயங்களில் பகடை தீர்மானிக்கும்.

அந்தச் சிறு புத்தகங்களில் எல்லாக் கேள்விக்கும் விடை இல்லை. ஆகவே ஆடியவர்கள் தாங்களே விதி செய்துகொண்டார்கள். செய்த விதியைப் பிற ஊர்க்காரர்களுக்குத் தெரிவிக்க இதழ்கள் தொடங்கினார்கள். இவற்றை ரசிகர் இதழ்கள் என்பர். ஆசிரியர், எழுத்தாளர், ஓவியர், வாசகர் எல்லாரும் ஆட்டக்காரர்களே!

இதழ் உருவான விதம்

அந்நாளில் இவற்றுள் பல சைக்ளோஸ்டைல் முறையில் அச்சாயின. மெழுகு பூசிய மெல்லிய தாளை நாடா இல்லாமல் தட்டச்சு செய்தால், எழுத்துப் படும் இடங்களில் மெழுகு விலகும். அத்தாளை உருளையில் சுற்றி உருட்டினால், மெழுகு விலகிய இடத்தில் மட்டும் மை கசிந்து வெள்ளைத்தாளில் பதியும். பெரிய அச்சகம் தேவையில்லை. நம் பள்ளிகளிலும் ஒரு காலத்தில் வினாத்தாள்கள் இப்படித்தான் அச்சாயின.

1975-ஆம் ஆண்டு ஜூனில் லீ கோல்ட் என்ற பெண்மணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். பலரும் எழுதிய பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, எல்லாருக்கும் அனுப்புவது அதன் முறை. ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் அடுத்த இதழில் மறுமொழி எழுதுவார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடந்த அவ்விதழ் 2025-இல் நிறைவுற்றது.

இத்தகைய இதழ்கள் ஆட்டத்தையே மாற்றின. முதல் புத்தகங்களில் 'திருடன்' என்ற பாத்திரம் கிடையாது. பூட்டைத் திறக்கவும், ஓசையின்றி நடக்கவும் வல்ல அந்தப் பாத்திரம் கலிபோர்னியா ஆட்டக்காரர்களிடையே தோன்றிய எண்ணம். அதைக் கேள்வியுற்ற கைகாக்ஸ், 1974-இல் ஒரு சிறிய ரசிகர் இதழில் அதற்கு விதிகள் எழுதினார். மறு ஆண்டே அது ஆட்டத்தின் துணை நூலில் இடம் பெற்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புதிய விதி ஒன்றை யாரோ எழுதினால் அது சரியா என்று எப்படி அறிவது? ஆடிப் பார்க்கலாம், கணக்கும் போடலாம்.

இந்த ஆட்டத்தில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் உண்டு. வடிவியலில் வரும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களே இவை. "இருபது முகப் பகடை ஒன்றுக்குப் பதில் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டலாம்" என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 10.5 தான். ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 18-ம் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி என்றால் என்ன ஆகும்? முதல் முறையில் வாய்ப்பு 20-இல் 3. இரண்டாவது முறையில் மூன்றிலும் ஆறு விழவேண்டும். ஆகவே வாய்ப்பு 216-இல் 1 தான்! சராசரி ஒன்றாக இருந்தும் ஆட்டம் தலைகீழாகிவிட்டது.

இதே கணக்கைத் தாயத்துக்கும் போடலாம். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். மொத்தம் 16 வகையாக விழலாம். தாயம் விழ ஒன்றில் 1-ம் மற்றதில் 0-ம் வேண்டும். அதற்கு 2 வழிகள். எனவே வாய்ப்பு 8-இல் 1. ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று விதி வைத்தால்? ஐந்துக்கும் 2 வழிகள். வாய்ப்பு 4-இல் 1 ஆகிவிடும். ஒரு சிறு விதி, காத்திருக்கும் நேரத்தைச் சராசரியாகப் பாதியாக்கிவிடுகிறது!

பழையதைத் தேடிய புதியவர்கள்

காலப்போக்கில் அந்த ஆட்டத்தின் விதிநூல்கள் பெருத்தன. 2000-க்குப் பின் சிலர், எளிமையான பழைய விதிகளே இனியவை என்று அவற்றை மீண்டும் தொகுத்தனர். 2008-இல் தோன்றிய 'ஃபைட் ஆன்!' அவர்கள் நடத்திய இதழ்களுள் ஒன்று. பழைய விதிகள் எழுத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்களும் தொடங்கலாம்

தமிழுக்குக் கையெழுத்து இதழ் புதிதன்று. யாழ்ப்பாணத்தின் 'மறுமலர்ச்சி' முதலில் கையெழுத்து இதழாக இருந்து, 1946-இல் அச்சிதழாயிற்று. உங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எதுவானாலும் சரி. கட்டங்களை வரைந்து, விதிகளை வரிசையாக எழுதுங்கள். எந்த ஊர், சொன்னவருக்கு என்ன வயது, எந்த நாள் கேட்டது என்பதையும் குறியுங்கள். இரண்டு ஊர்களின் விதிகள் மாறுபட்டால் எது சரி என்று சண்டை வேண்டாம். இரண்டையும் எழுதி, கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். விருப்பமுள்ளவர் சுருளி அருவிக்கு மேலே ஒரு கற்பனைக் குகையை வரைந்து, புதிய ஆட்டமே செய்யலாம்.

கடைசிப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். படிப்பவர் "எங்கள் ஊரில் இப்படி இல்லையே!" என்று எழுத அது வேண்டும். ஒருவர் எழுத, மற்றவர் சோதிக்க, மூன்றாமவர் திருத்த வளர்வது அறிவியல் மட்டுமன்று, ஆட்டமும் அப்படித்தான். இந்த விடுமுறையிலேயே உங்கள் பாட்டியிடம் கேட்டு முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.