உயிரிக்கரியும் மண் தூய்மையும்

உமி, மரத்துண்டு, தருமபுரி மாவட்டத்தில் பரவலாகக் கிடைக்கும் மரவள்ளித் தண்டு போன்றவற்றைக் காற்றுப் புகாத கலனில் சூடாக்கிப் பெறும் கரி, உயிரிக்கரி எனப்படும். இதன் நுண்துளைகளில் ஈரமும் சத்துகளும் தங்குவதால் பாக்டீரியாக்கள் அங்குக் குடியேறிப் பெருகுகின்றன. மண்ணில் கலந்த எண்ணெயையும் சில பூச்சிக்கொல்லிகளையும் அவை சிதைக்கின்றன.

உலோகங்களை அவ்வாறு சிதைக்க முடியாது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. இத்தகைய கழிவு கலந்த மண்ணில், நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை, நச்சு குறைந்த, நீரில் எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றக் கரியும் சில பாக்டீரியாக்களும் உதவும். ஆயினும் குரோமியம் மண்ணிலேயே இருக்கும். எனவே கழிவுக் குவியலை அகற்றாமல் கரியை மட்டும் இடுவது தீர்வாகாது.